சுறாவும் 3 ஷில்லிங்கும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எதிரணிக்கான வணக்கம் கடைசியில். அப்போதுதான் அவர்களுக்கு ஆறுதல் தேவைப்படும்.

நடிகனுக்குப் பெருமை தேர்ந்தெடுத்து நடிப்பதா, வந்ததை நடிப்பதா? இதுதான் தலைப்பு. தேர்ந்தெடுத்து நடிக்கும் டேனியல் டே-லூயிஸ் என்ற நடிகர் கொஞ்சம் படங்களிலேயே 3 ஆஸ்கார் வாங்கினார் என்றார்கள். வாங்கட்டும். வந்ததை நடிப்பதே பெருமை என்கிற எங்கள் அணியின் ஆள், நூறு படங்களைத் தாண்டிய பிரிட்டிஷ் நடிகர் மைக்கேல் கெய்ன்.

வந்ததை எடுத்துக்கொள்வது அவருக்குப் பெயரிலேயே தொடங்கியது. 1954. லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் ஒரு டெலிபோன் பூத். அப்போது அவருக்கு மேடைப் பெயர் மைக்கேல் ஸ்காட். மறுமுனையில் ஏஜென்ட்: "மைக்கேல் ஸ்காட் என்று ஏற்கெனவே ஒரு நடிகர் இருக்கிறாராம். உடனே வேறு பெயர் சொல்." குழந்தைக்குப் பெயர் வைக்கவே நமக்குப் பத்து நாள் சண்டை! இவர் வெளியே எட்டிப் பார்த்தார். எதிர்த் திரையரங்கில் 'தி கெய்ன் மியூட்டினி'. "கெய்ன்" என்றார். முடிந்தது. வேறு பக்கம் பார்த்திருந்தால், அங்கே ஓடிய நாய்ப் படத்தின் பெயரால் 'மைக்கேல் நூற்றியொரு டால்மேஷியன்ஸ்' ஆகியிருப்பேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நினைத்துப் பாருங்கள்! "சிறந்த துணை நடிகர், மைக்கேல் நூற்றியொரு டால்மேஷியன்ஸ்!" மேடைக்கு ஒருவர் வருகிறாரா, ஊர் நாயெல்லாம் வருகிறதா? அந்த நாய்ப் படம் வந்தது 1961இல் என்று எதிரணியில் யாரோ முணுமுணுக்கிறார்கள். ஐயா, நல்ல கதை நடக்கும்போது நாட்காட்டியைப் புரட்டலாமா?

சரி, அந்தக் குத்தலுக்கு வருகிறேன். "ஆஸ்கார் கொடுத்த அன்று உங்கள் ஆள் ஒரு மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்" என்றாரே நண்பர்! உண்மைதான். 1987இல் 'ஹன்னா அண்ட் ஹர் சிஸ்டர்ஸ்' படத்துக்கு விருது அறிவித்தபோது அவர் பஹாமாசில், 'ஜாஸ்' என்ற சுறா படத்தின் நான்காம் பாகத்துக்கான படப்பிடிப்பில் இருந்தார். அந்தச் சுறா படம் மோசம். அவரே சொன்னார்: அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை, படுமோசம் என்று கேள்வி, ஆனால் அது கட்டித் தந்த வீட்டைப் பார்த்தேன், பிரமாதம்!

ஆனால் நண்பரே, மீன் என்று இளக்காரமாகச் சொன்னீர்களே, அதை விடமாட்டேன். அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டதே மீன். அப்பா பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையில் சுமை தூக்கியவர். அம்மா அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்தவர். அப்பா இறந்தபோது பையில் மிச்சமிருந்தது 3 ஷில்லிங் 8 பென்ஸ். அந்தச் சில்லறையை எண்ணிய கை, வருகிற படத்தை வேண்டாம் என்று தள்ளுமா?

எனக்குத் தலைப்பே மறந்துவிட்டது, நடுவர் அவர்களே. 2000ஆம் ஆண்டு அரண்மனையில் அவருக்குச் சர் பட்டம். உலகம் அறிந்த பெயர் கெய்ன். பட்டத்தை அவர் வாங்கியதோ பிறந்த பெயரில்: மாரிஸ் மிக்கில்வைட். அப்பாவின் பெயரும் அதுதான். மண்டியிட்டது மகன்; அரசியின் வாள் தொட்டதோ மீன் சுமந்தவரின் பெயரை.

எதிரணிக்கு எடுத்துவைத்திருந்த வணக்கத்தை அந்தப் பெரியவருக்குக் கொடுத்துவிட்டு அமர்கிறேன்.