பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஓர் இடம்

வணக்கம் நேயர்களே.

கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். கையில் ஒரு பை, கூடவே அம்மா. விடுதி தேடி வந்திருப்பார்கள். தூத்தூர் கடற்கரையிலிருந்தோ பேச்சிப்பாறை மலையடிவாரத்திலிருந்தோ தினமும் வந்து போவது எல்லாப் பிள்ளைகளுக்கும் முடிகிற காரியமில்லை.

விடுதிக்குள் நுழைந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு கேட்டைப் பூட்டுவீங்க?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "ராத்திரி தீப்பிடித்தால் பிள்ளைகள் எந்த வழியாக வெளியே வருவார்கள்?"

2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அதிகாலையில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்தது. இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். நம் ஊரிலும் மாடி வீட்டை விடுதியாக்கும்போது என்ன செய்கிறார்கள்? ஒரே படிக்கட்டு, அதற்கு ஒரு கிரில் கேட், வெளியே பூட்டு, சாவி அடுத்த தெருவில் இருக்கும் வீட்டுக்காரரிடம். ஜன்னலெல்லாம் கம்பி. இதைப் பாதுகாப்பு என்று நம்பி ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளேயிருந்து திறக்க முடிகிற தாழ்ப்பாள் வேண்டும். பூட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு சாவி அந்த மாடியிலேயே, எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் தொங்கவேண்டும்.

கேட் மூடும் நேரத்தையும் பஸ்ஸை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். மாலை ஆய்வக வகுப்பு முடிந்து பிள்ளை ஏறும் பஸ் ஏழு மணிக்கு வருமென்றால், ஆறரைக்கு மூடும் கேட் அவளை ரோட்டில்தான் நிறுத்தும்.

அடுத்தது கரண்ட். மீட்டர் பலகையில் மற்ற சுவிட்சுகளோடு 'டெஸ்ட்' என்று சின்னப் பொத்தான் உள்ள ஒரு சாதனம் இருக்கவேண்டும். ஆர்சிசிபி என்பார்கள். அதில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும். கரண்ட் கசிந்து உடம்பில் பாய்ந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே அந்தப் பொத்தானை அழுத்துங்கள். சுவிட்ச் பட்டென்று விழவேண்டும். பல இடங்களில் விழாது. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். சுவர் ஈரம் குடித்ததும் கசிவு ஏற்பட்டு அது அடிக்கடி விழும். தொந்தரவு என்று நினைத்து எலக்ட்ரீஷியனை வைத்து அதை ஒதுக்கிவிட்டு நேரடியாக இணைத்துவிடுவார்கள். அது விழுவது கோளாறு இல்லை, சுவருக்குள் கசிவு இருக்கிறது என்று சொல்கிறது. கசிவைத்தான் சரிசெய்யவேண்டும். வெந்நீர் வைக்கும் ராடையும் கவனியுங்கள். 1500 வாட் ராடு ஆறரை ஆம்பியர் இழுக்கும். சாதாரணச் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது, தினமும் செருகினால் உருகக்கூடும். 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று போடச் சொல்லுங்கள்.

குளியலறைத் தாழ்ப்பாளை ஒருவர் உள்ளேயிருந்து போட, நீங்கள் வெளியேயிருந்து தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். அரை அங்குல ஸ்குரு, மழையில் ஊறிய மரம் என்றால் கையோடு வந்துவிடும். கதவு நிலையில் ஒன்றரை அங்குல ஸ்குருவாக மாற்றச் சில ரூபாய்தான் ஆகும்.

விடுதி என்றால் உரிமத்தைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கென்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறாமல் நடத்தக்கூடாது. சுவரில் மாட்டியிருப்பதை வாசித்தால் மட்டும் போதாது, எந்தத் தேதி வரை செல்லும் என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

இனிப் பணம். முதலில் அரசு விடுதியைத் தேடுங்கள். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் மாணவியருக்கான கல்லூரி விடுதிகளில் தங்கவும் சாப்பிடவும் காசில்லை. 2025-இலிருந்து இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். "நம்ம வீடு பக்கத்திலதானே, இடம் தரமாட்டார்கள்" என்று பலர் விண்ணப்பிப்பதே இல்லை. பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில், வீடு எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கவேண்டும் என்ற விதி மாணவியருக்குப் பொருந்தாது. வருமானச் சான்றிதழைத் தாலுகா அலுவலகம் தரச் சில நாள் ஆகும், அதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

தனியார் விடுதியில் ஜிஎஸ்டி என்று தனியாகக் கேட்டால், 2024 ஜூலையிலிருந்து மாதம் 20,000 ரூபாய் வரையுள்ள தங்கும் கட்டணத்துக்கு, தொடர்ந்து 90 நாளாவது தங்குபவர்களிடம் அந்த வரி கிடையாது என்று சொல்லுங்கள்.

நாலு பிள்ளைகள் சேர்ந்து வீடெடுப்பது சிக்கனம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் கல்லூரியை ஒட்டித்தான் வீடு வேண்டும் என்றில்லை. நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள கல்லூரியில் படிக்கிறவர் கொஞ்சம் தள்ளியும் பார்க்கலாம். வாடகையைவிட மலைக்க வைப்பது அட்வான்ஸ்தான். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. ஒன்பதாயிரம் வாடகை என்றால் 27,000. மீன்பிடிக்கும் வீட்டிலும் ரப்பர் பால் வெட்டும் வீட்டிலும் ஜூன் மாதத்தில் அந்தத் தொகை மொத்தமாக இருக்காது. விசைப்படகுத் தடைக்காலம் கிழக்குக் கடலில் அப்போதுதான் முடிகிறது, தூத்தூர் பக்கத்து மேற்குக் கடலில் அப்போதுதான் தொடங்குகிறது; மழையில் பால்வெட்டும் நின்றுவிடும்.

உதவ நினைக்கும் சபைகளும் ஊர் அமைப்புகளும் பழைய மாணவர் சங்கங்களும் புதுக் கட்டடம் கட்டவேண்டும் என்பதில்லை. இந்த அட்வான்ஸை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். வாடகையை மாதாமாதம் பிள்ளைகளே பகிர்ந்து கட்டிவிடுவார்கள். காலி செய்யும்போது பணம் திரும்பி வரும், அடுத்த நாலு பேருக்கு அதுவே போகும். ஒன்றை மறக்காதீர்கள்: அட்வான்ஸ் யார் கொடுத்தது, காலி செய்கையில் யாரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். குடியேறும் அன்றைக்கே சுவர், குழாய், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். பெயிண்ட் செலவு, குழாய் செலவு என்று கடைசியில் பிடித்தம் கிளம்பும்போது அந்தப் படங்கள்தான் பேசும்.