பதநீர் ரயில் ஏறாது

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோர் அனைவருக்கும் வணக்கம். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் ஏங்குவது ஊர்ச் சாப்பாட்டுக்கா, ஊர் உறவுகளுக்கா என்ற இந்த வழக்கில், சாப்பாட்டுக்கே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர், உணவு ஒரு சாக்குதான், நாம் உண்மையில் தேடுவது அதைப் பரிமாறிய கையையும் பக்கத்தில் அமர்ந்து உண்டவர்களையும்தான் என்றார். கேட்பதற்கு இதமாக இருந்தது, கைதட்டலும் கிடைத்தது. ஆனால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து சென்னையில் குடியேறிய எங்களைப் போன்றவர்கள் அதற்கு ஒப்ப மாட்டார்கள்.

கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கைவிடாமல் கிளறி இறக்கிய அல்வாவை, ஊரில் இலைத்துண்டில் வைத்துச் சூடாகத் தருவார்கள். விரலிடுக்கில் நெய் வழிய அதைத் தின்றுவிட்டு, திகட்டாமலிருக்கக் கொஞ்சம் மிக்சரையும் வாயில் போட்டுக்கொள்வோம். அதைத் தருகிற கடைக்காரருக்கு நம் பெயர் தெரியாது. கூட்டம் கூடினால் அவர் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை. அவர் எங்களுக்கு எந்த வகையில் உறவு என்பதை எதிரணிதான் விளக்க வேண்டும். அல்வாதான் பெட்டியில் அடைபட்டுச் சென்னைக்கே வருகிறதே என்பார்கள். வருகிறது, மறுக்கவில்லை, நெய் உறைந்து, சூடு தணிந்து, விருந்தினருக்குக் கொடுக்கும் பொருளாக வருகிறது.

அல்வாவாவது வண்டி ஏறும், பதநீர் ஏறாது. பனையேறி விடியற்காலையில் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது கள்ளாகாமல் பதநீராக நிற்கிறது. அப்படியும் வெயில் ஏற ஏற அதன் சுவை மாறத் தொடங்கிவிடும். உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில், பனையோலைப் பட்டையில் ஊற்றி இளநுங்கைக் கீறிப்போட்டுக் காலையிலேயே குடித்தால்தான் உண்டு. பருவமும் கோடையை ஒட்டிய சில மாதங்களே. நண்பர் சொன்ன உறவுகளோ இரவு ரயில் ஏறினால் மறுநாள் காலை எழும்பூரில் இறங்கிவிடுகிறார்கள், அதற்கும் பொறுக்காவிட்டால் கைப்பேசியில் முகம் காட்டுகிறார்கள். அத்தையை வீடியோ அழைப்பில் பார்த்து நலம் விசாரிக்கலாம். அவர் வைக்கும் சொதியின் தேங்காய்ப்பாலையும், உடன் தொட்டுக்கொள்ளும் இஞ்சிப் பச்சடியையும் எந்த அழைப்பில் வரவழைப்பது?

மண்ணுக்கும் சுவைக்கும் உள்ள தொடர்பைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு பொருளின் தரமோ நற்பெயரோ அது பிறந்த இடத்தைச் சார்ந்தது என்று கருதும் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும், 2020இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கும் குறியீடு கிடைத்தது. பாசத்தை அளந்து பார்த்துக் கொடுத்தவை அல்ல அவை.

எதிரணியின் பெரிய ஆயுதம் அம்மாவின் கை. அந்தக் கையை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. ஆனால் வயதான தாயை மகன் சென்னைக்கே அழைத்து வந்துவிட்ட வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே கை அதே கைதான், உறவும் ஒரே கூரையின் கீழ்தான். தோல் நீக்காத கறுப்பு உளுந்தை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் நல்லெண்ணெய் விட்டு அம்மா உளுந்தங்களி கிளறுகிறார். ஆனால் நகரத்துக் கடையில் கருப்பட்டி என்று வாங்கியதில் பாதிக்குமேல் சர்க்கரை. ஒரு வாய் வைத்ததும் முதலில் முகம் சுளிப்பவர் மகன் அல்ல, கிளறிய அம்மாவேதான். மகன், மருமகள், பேரன், பேத்தி எல்லோரும் சுற்றி அமர்ந்திருக்கும்போதே, அடுத்த வாரம் ஊரிலிருந்து யார் வருகிறார்கள், வரும்போது இரண்டு கிலோ நல்ல கருப்பட்டி வாங்கி வரச் சொல்ல முடியுமா என்று விசாரிக்கிறார். உறவு அத்தனையும் பக்கத்திலிருக்க, அந்த அம்மா எதற்காக ஏங்குகிறார் என்று எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.