ஆறு வாரம் ஆகியும் காலேஜ் பழகவில்லை, விட்டுவிடலாமா?

அடுத்த கேள்வி. இந்தத் தம்பி கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறார், சுருக்கிப் படிக்கிறேன். "அண்ணா, எனக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. வகுப்பில் எல்லாம் இங்கிலீஷில் நடத்துகிறார்கள், பாதி புரியவில்லை. ஹாஸ்டலில் தூக்கம் வரவில்லை. சாயங்காலம் நாலரைக்கு வகுப்பு முடிந்தால் கட்டிலில் படுத்து போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வெள்ளிக்கிழமை ஆனால் ஊருக்கு ஓடிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அழுகை வருகிறது. பேசாமல் விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் ஆர்ட்ஸ் காலேஜில் சேர்ந்துவிடலாமா?" இதுதான் கேள்வி.

தம்பி, விடலாமா என்பதை முதலில் முடித்துவிடுவோம். நீ எழுதியிருக்கும் நேரத்தில் ஆர்ட்ஸ் காலேஜ் சேர்க்கையெல்லாம் முடிந்திருக்கும். இப்போது விட்டால் அடுத்த ஜூன் வரை வீட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும், பார்க்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அதனால் அந்த முடிவை முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு எடு. அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாக மாறு, அது ஒன்றும் தோல்வி இல்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். நீ இங்கிலீஷ்தான் பிரச்சினை என்று நினைக்கிறாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த நாலரை மணி என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் பிரச்சினை. பிளஸ் டூவில் உன் நாளை யார் ஓட்டினார்கள் என்று யோசித்துப் பார். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்டடி, வீட்டுக்கு வந்தால் "இன்னும் புத்தகத்தை எடுக்கலையா" என்று அம்மா. ஒரு மணி நேரம்கூட உன் கையில் இருந்ததில்லை. இப்போது நாலரைக்கு வகுப்பு விட்டால் தூங்கும் வரைக்கும் ஆறு மணி நேரம் மொத்தமும் உன்னுடையது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. வீட்டு நினைப்பு லேபில் இருக்கும்போது வருகிறதா? வராது. கட்டிலில் படுத்த பிறகுதான் வரும்.

நானும் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படித்தவன்தான், ஊர் பெரியகுளம் பக்கம். முதல் செமஸ்டரில் உன்னை மாதிரியே வாராவாரம் ஊருக்கு ஓடியவன். ஞாயிறு மத்தியானம் பஸ் ஏறினால் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது நன்றாக இருட்டியிருக்கும். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து ஹாஸ்டலுக்குப் போனால் மெஸ் பூட்டியிருப்பார்கள். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைக் கட்டிலில் உட்கார்ந்து பிரிப்பேன். வாடின வாழையிலை வாசனை வந்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும், பாதியை அப்படியே மூடி வைத்துவிடுவேன். இதில் என்ன கொடுமை என்றால், ஒவ்வொரு வாரமும் எனக்கு முதல் நாள்தான். கொஞ்சம் பொருக்கு கட்டுவதற்குள் போய்ப் பிய்த்துவிட்டு வந்துவிடுவேன். சனிக்கிழமை வகுப்புகளும் போயின. அட்டெண்டன்ஸ் இறங்கிக்கொண்டே போனது, முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் விழுந்தது. வீட்டில் "பேப்பர் கஷ்டம்" என்று சொல்லிவைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கம்தான். நான் அழுக்குத் துணியை எல்லாம் பையில் திணித்து ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுப்பேன். ஒரு வாரம் மழையில் ஊருக்குப் போக முடியவில்லை. சனிக்கிழமை போட்டுக்கொள்ளச் சட்டை இல்லை. வேறு வழியில்லாமல் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனேன். பக்கத்துக் கல்லில் தருமபுரிக்காரன் ஒருவன். நான் பெட்ஷீட்டைத் தனியாகப் பிழியப் பார்த்துத் திணறுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மறு முனையைப் பிடித்தான். அவன் ஒரு பக்கம் முறுக்க, நான் ஒரு பக்கம் முறுக்க, தண்ணீர் கொட்டியது. அப்புறம் அவன் பெட்ஷீட்டுக்கு நான் பிடித்தேன். அதற்குப் பிறகு நான்கு வருடமும் அவனும் நானும் ஒரே ரூம். அத்தனை நாள் "ஃப்ரெண்ட்ஸே இல்லை" என்று புலம்பிக்கொண்டிருந்தவன் நான். சனிக்கிழமை ஹாஸ்டலில் இருந்தால்தானே ஃப்ரெண்ட் கிடைப்பான்?

அதனால் இந்த வாரமும் அடுத்த வாரமும் ஊருக்குப் போகாதே. மூன்றாவது வாரம் போ. அம்மாவுக்குப் போன் பண்ணு, ஆனால் அழுகை வரும்போதெல்லாம் பண்ணாதே, ராத்திரி ஒன்பது மணி என்று வைத்துக்கொள். நாலரைக்கு நேராக ரூமுக்குப் போகாதே. கிரவுண்டில் வாலிபால் ஆடுகிறவர்களை நின்று பார்த்தால்கூடப் போதும், ஆள் குறைந்தால் அவர்களே கூப்பிடுவார்கள். ஆறரைக்கு மேல் ஒன்றரை மணி நேரம் லைப்ரரியிலோ ஸ்டடி ஹாலிலோ உட்கார். கட்டிலில் மட்டும் படிக்காதே. கட்டிலைத் தூங்குவதற்கு மட்டும் வைத்துக்கொண்டால் தூக்கமும் தானாக வரும்.

இங்கிலீஷைப் பற்றிக் கேட்டாய். உன் முதல் செமஸ்டர் மேத்ஸ் புத்தகத்தைத் திறந்து பார். முதல் யூனிட் மேட்ரிக்ஸ். பெயரைப் பார்த்து மிரண்டிருப்பாய். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே அணிகள்தானே, அதன் தொடர்ச்சிதான் இது. டிட்டர்மினன்ட் என்றால் அணிக்கோவை, இன்வர்ஸ் என்றால் நேர்மாறு. வகையிடலும் தொகையிடலும்கூட டிஃபரன்ஷியேஷன், இன்டக்ரேஷன் என்று வேஷம் மாற்றிக்கொண்டு வருகின்றன. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு, இடது பக்கம் இங்கிலீஷ் சொல், வலது பக்கம் நீ படித்த தமிழ்ச் சொல். நான் இதைச் செய்தது இரண்டாவது செமஸ்டரில்தான், அரியரைத் தூக்கியது அந்த நோட்டுதான். வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால், முடிந்ததும் வராண்டாவில் சாரைப் பிடித்துத் தமிழிலேயே கேள். பதில் சொல்லாமல் போகிற ஆசிரியர்கள் ரொம்பக் கம்மி.

ஒதுக்கீட்டில் வந்ததை யாரோ "ஃப்ரீ சீட்" என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். சொல்லட்டும். ஸ்பெஷல் கோச்சிங் எதுவும் இல்லாமல் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்காக 2021-ல் சட்டம் போட்டுக் கொடுத்த இடம் அது, கட்டணத்தை அரசு கட்டுகிறது. நீ யாருடைய இடத்தையும் பிடுங்கவில்லை. கூடவே தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உன் கணக்கில் வருகிறதா என்று பார், வரவில்லை என்றால் ஆபீஸில் போய்க் கேள். அந்த ஆயிரத்தைப் பிரியாணி ஷேர் போட்டே தீர்த்துவிடாதே. "இன்னைக்கு நான் மெஸ்ஸிலேயே சாப்பிட்டுக்கிறேன்" என்று ஒரு தடவை சொல்லிப் பார். உன்னோடு இன்னும் இரண்டு பேர் எழுந்து வருவார்கள், அவர்களிடமும் காசு இருந்திருக்காது.

சீனியர்கள் பெயர், ஊர் கேட்டால் சொல்லிவிட்டு வா, அதில் ஒன்றுமில்லை. மிரட்டினாலோ கை வைத்தாலோ பொறுத்துக்கொள்ளாதே. ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. 1800-180-5522 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

அட்டெண்டன்ஸ் 75-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள். மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் காட்டிக்கொள்ளலாம் என்று சீனியர் யாராவது தைரியம் சொன்னால் நம்பாதே, நான் அந்த ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு எச்ஓடி ரூம் வாசலில் நின்றிருக்கிறேன்.

இந்தச் சனிக்கிழமை துணி துவை தம்பி. பெட்ஷீட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போ. சரி, அடுத்த கேள்வி, ஒரு அம்மா கேட்டிருக்கிறார், பையன் ஹாஸ்டலிலிருந்து போனே பண்ணுவதில்லையாம்.