இழுவைக்காரர்கள் நடந்த வழி

வணக்கம் நேயர்களே. பிரான்ஸ் என்றால் பாரீசும் ஈஃபெல் கோபுரமும்தான் முதலில் நினைவுக்கு வரும். இன்று அந்தப் பக்கமே நான் உங்களைக் கூட்டிப்போகப் போவதில்லை. நாட்டின் தென்மேற்கில் லோத் என்றோர் ஆறு, சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளை வளைத்து வளைத்து ஓடுகிறது. அதன் கரையில் பூஸியெஸ் என்ற சிற்றூரிலிருந்து சேன் சீர்க் லபோப்பி வரை ஒரு நடை. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேர்ந்துவிடலாம்.

வழி கேட்க ஆள் தேட வேண்டாம். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரண்டு கோடுகள் மரத்திலும் கல்லிலும் தீட்டியிருக்கும். பிரான்சின் நெடுநடைப் பாதைகள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடையாளம். அதே கோடுகள் பெருக்கல் குறிபோல் குறுக்கே கிடந்தால், அந்தப் பக்கம் போகாதே என்று பொருள். பேச்சு மும்முரத்தில் நான் ஒருமுறை அதைக் கவனிக்காமல் போய், யாருடைய தோட்டத்திலோ நின்று விழித்தேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய நாய்தான் நிறையச் சொன்னது.

கொஞ்ச தூரத்தில் குன்று நேராக ஆற்றுக்குள் இறங்குகிறது. கரை என்று சொல்ல ஒரு சாண் இடமில்லை. ஆனாலும் பாதை நிற்கவில்லை. பாறையைக் குடைந்துகொண்டு போகிறது. ஒரு பக்கம் கரடுமுரடான பாறைச்சுவர், தலைக்கு மேலும் பாறை, மறுபக்கம் ஆறு. பாதிச் சுரங்கம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இது உல்லாச நடைக்காக வெட்டியதல்ல. இந்த ஆற்றில் ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் ஓடின. கீழே கஓர் நகரத்து ஒயின் பீப்பாய் பீப்பாயாகப் போர்தோ துறைமுகத்துக்குப் போனது. ஓட்டத்தோடு இறங்குவது சுலபம். திரும்பி வருவதுதான் பாடு. கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். இழுப்பவருக்குக் கால் வைக்க இடம் வேண்டுமே, அதற்காகத்தான் 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பாறையைக் குடைந்தார்கள். பிறகு ரயில் வந்தது, படகுகள் போயின. பின்னாளில் ஒரு சிற்பி இந்தச் சுவரில் ஆற்று உயிரினங்களைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார். எல்லாரும் அங்கே நின்றுதான் படமெடுக்கிறார்கள். எனக்கென்னவோ, பக்கத்தில் செதுக்காமல் விட்ட வெறும் பாறைதான் பிடித்தது.

கடைசியில் செங்குத்தான ஏற்றம். ஆற்றுக்கு ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில், பாறை விளிம்பைப் பற்றிக்கொண்டு நிற்கிறது சேன் சீர்க் லபோப்பி. இடைக்காலத்து வீடுகள், சரிவான ஓட்டுக்கூரைகள். இந்த ஊர்க்காரர்களின் பழைய தொழில் மரக்கடைசல். எதைக் கடைந்தார்கள் தெரியுமா? ஒயின் பீப்பாய்க்கான மரக்குழாய்களை! கீழே படகில் பீப்பாய், மேலே அதற்குக் குழாய். 1950-இல் இங்கே வந்த கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன், இனி வேறெங்கும் இருக்க ஆசையில்லை என்று சொல்லி ஒரு வீட்டையே வாங்கிவிட்டார். 2012-இல் தொலைக்காட்சி நேயர்கள் இதைத் தங்களுக்குப் பிடித்த கிராமமாகத் தேர்ந்தெடுத்தார்கள். விளைவு, கோடையில் தெருவெல்லாம் திருவிழாக் கூட்டம். மே மாதம் போங்கள்.

இன்னொரு நாள் கையிலிருந்தால், பூஸியெஸுக்கு அருகில் லோத்தில் கலக்கும் செலே ஆற்றை ஒட்டிக் கப்ரெரே வரை போகலாம். அங்கே பெஷ் மேர்ல் குகை. 1922-இல் இரண்டு சிறுவர்கள் உள்ளே ஊர்ந்து போய்க் கண்டுபிடித்த ஓவியங்கள் இருக்கின்றன. புள்ளிக் குதிரைகள் சுமார் 29,000 ஆண்டுப் பழமையானவை. குதிரைகளோடு திரும்பிவிடாதீர்கள். தரைக் களிமண்ணில் ஒரு பதின்வயதுப் பிள்ளையின் காலடித் தடங்கள் உறைந்து கிடக்கின்றன. அதையும் காட்டச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு, சீட்டை முன்பே வாங்கிவிடுங்கள். உள்ளே குளிரும், ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். வணக்கம்.