மூலை போன காகிதம்

தலைவர் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் நகராட்சி உறுப்பினர் அம்மையார் அவர்களே, இந்த அறையைத் திறந்துவிட்ட நூலகர் அவர்களே, வேல்ஸ் மழையில் நனைந்துகொண்டே வந்திருக்கும் லானெல்லித் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். பொன்னாடை வேண்டாமென்று முன்பே சொல்லியிருந்தேன், போர்த்திவிட்டார்கள், சரி.

மெடல், போட்டோ, காகிதம் என்று மூன்று விஷயம் பேசப் போகிறேன். சிறு துரும்பும் பல் குத்த உதவும், இதை நான் சொல்லாத கூட்டமே கிடையாது.

இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஊர்த் தகர ஆலையிலிருந்து கடற்படைக்குப் போன ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். மெடல் சின்ன அட்டைப் பெட்டியில் தபாலில் வந்தது, அதில் அவர் பெயர் கிடையாது. போட்டோவில் தொப்பி நாடாவில் வெறும் எச்.எம்.எஸ்., அதாவது 'மன்னரின் கப்பல்' என்பதன் சுருக்கம்தான், கப்பலின் பெயர் எதிரிக்குத் தெரியக் கூடாதாம். அப்புறம் மிச்சம் காகிதம், அதாவது கடற்படை கொடுத்த பணிச் சான்றிதழ். எந்தக் கப்பல், எந்தத் தேதி, நடத்தை எப்படி, எல்லாம் அதில்தான் இருக்கும்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவரின் அப்பா அப்படிப் போனவர்தான். சாவு வீட்டில் டீ குடித்துக்கொண்டே அத்தைக்காரி ஒருத்தி அந்தச் சான்றிதழைப் பிரித்திருக்கிறாள். கடற்படையிலிருந்து கெட்ட பெயரோடு வெளியே அனுப்பப்பட்டால் இந்த மூலையை வெட்டிவிட வேண்டும் என்று அதிலேயே அச்சடித்திருக்கும். பார்த்தால் மூலையைக் காணோம்! அவ்வளவுதான், டீ ஆறிப்போச்சு, காகிதம் பரணுக்குப் போச்சு, அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் கப்பல் பேச்சே எடுப்பதில்லை. போன வருஷம் பெரியவர் கூச்சத்தோடு என்னிடம் நீட்டினார். ஓரமெல்லாம் நறநறவென்று கடித்த தடம். உள்ளே நடத்தைக்கு ஒவ்வொரு டிசம்பர் 31-க்கும் 'மிக நன்று', 'மிக நன்று' என்று வரிசையாக இருக்கிறது. மூலையைத் தின்றது எலி ஐயா, எலி! (சிரிப்பு)

அம்மையார் சிரிக்கிறார், இதுதான் சமயம். வேல்ஸ் மக்கள் தொகுப்பு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இந்த மாதிரிக் காகிதத்தைப் படமெடுத்து ஏற்றலாம், அபெரிஸ்ட்வித்தில் இருக்கும் வேல்ஸ் தேசிய நூலகமும் அதில் பங்காளி. ஆனால் எண்பது வயதுக்காரர் ஸ்கேனருக்கு எங்கே போவார்? இந்த நூலகத்தில் ஒரு ஸ்கேனர், சனிக்கிழமை உதவிக்கு ஒரு ஆள், எலி புகாத ஒரு இரும்பு அலமாரி, இவ்வளவுதான் கேட்கிறோம். ரேஷன் புத்தகம், லீவு சீட்டு, சம்பளச் சீட்டு, எதையும் குப்பையில் போடாமல் கொண்டுவாருங்கள். சிறு துரும்பும், மீதியை நீங்களே சொல்லிவிடுகிறீர்கள்.

மெடல் பற்றி இன்னும் நிறைய இருக்கிறது, தலைவர் ஐயா மணியடித்துவிட்டார். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். அம்மையார் முதல் கையெழுத்தைப் போட்டால் நன்றாக இருக்கும். வணக்கம்.