கதவு திறந்துச்சு மக்களே! லாரி வீட்டோட முறுக்கு டெஸ்ட்

மக்களே, லாரி மேல ஏத்தின வீட்டுப் பெட்டியோட கதவு திறந்துச்சு! ஒரு விரலால தள்ளினேன், திறந்துச்சு, திருப்பி மூடினேன், லாக் டக்குன்னு விழுந்துச்சு. அதுவும் லாரி கோணல்மாணலா நிக்கும்போது. கைல கிரீஸைக் கூட துடைக்காம கேமரா ஆன் பண்ணிட்டேன், இதை உடனே சொல்லியே ஆகணும்.

புதுசா வந்தவங்களுக்கு மட்டும் சுருக்கமா. பழைய ஃபோர் வீல் டிரைவ் டீசல் லாரி, பின்னாடி இருந்த சாமான் பாடியைக் கழட்டிட்டு வீட்டுப் பெட்டி ஏத்துறோம். எஞ்சின் பத்தி நான் எவ்ளோ பேசுவேன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டர் கிடையாது, மெக்கானிக்கல் டீசல் பம்ப், ஆஃப் பண்றதே கேபிளை இழுத்துதான், ஒருதடவை ஸ்டார்ட் ஆயிட்டா ஓடுறதுக்கு கரண்டே தேவையில்ல. எனக்கு அதுதான் புடிக்கும், எப்பவும் அதுதான் புடிக்கும்.

சரி, டெஸ்டுக்கு வரேன். முன்னாடி இடது சக்கரத்தைக் கட்டை மேல ஏத்தி, பின்னாடி வலது சக்கரத்தையும் கட்டை மேல ஏத்தினா சேஸி முறுக்கிக்கும். பள்ளமும் பாறையுமா இருக்குற பாதையில நடக்குறது இதேதான். லாரி சேஸின்றது ரெண்டு நீளச் சட்டம், நடுவுல குறுக்குச் சட்டம், அவ்ளோதான், அது முறுக்கிக் குடுத்தாத்தான் நாலு சக்கரமும் தரையை விடாம நிக்கும். ஆனா பெட்டி முறுக்காது. அதைக் கொண்டுபோய் நேரா சேஸில போல்ட் போட்டு இறுக்கிட்டா எதாவது ஒண்ணு விட்டுக்கொடுத்தே ஆகணும், பெட்டி மூலை பிரியும், ஜன்னல் ஓரம் ஒட்டு விடும், இல்லன்னா சேஸில போல்ட் ஓட்டைகிட்ட விரிசல் விழும். உள்ள மரவேலைக்கும் லைட்டுக்கும் மாசக்கணக்கா செலவு பண்ணிட்டு அடியில நாலு மூலையிலயும் இறுக்கி வைக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது, உண்மையிலேயே எரியுது.

நம்மளோடது மூணு பாயின்ட். பின்னாடி ரெண்டு பக்கமும் ரெண்டு பிடிப்பு, முன்னாடி கேபினுக்குப் பின்னால நட்ட நடுவுல ஒரே ஒரு பின், அதாவது திரும்பிக் குடுக்குற அச்சு. முக்காலி எந்தத் தரையிலயும் ஆடாது இல்லையா, அதே கணக்கு. சேஸி எப்படி முறுக்கினாலும் முன்னாடி அந்தப் பின்னைச் சுத்தித் திரும்பிக்கும், பெட்டிக்கு அது தெரியவே தெரியாது, அதான் கதவு சிக்காம திறந்துச்சு. ஒரு விஷயம், பெட்டியோட முன்பக்க பாரம் மொத்தமும் அந்த ஒரு பின்லதான் உக்காரும், அதனால அது நிக்கிற குறுக்குச் சட்டம் நல்லா கனமா இருக்கணும், அங்க கை இறுக்கிச் செலவு பண்ணாதீங்க.

டட்ரான்னு செக் நாட்டு லாரி வச்சிருக்கவங்களுக்கு இந்தப் பாடெல்லாம் ரொம்ப கம்மி, அவங்க 1923லேர்ந்தே நடுவுல ஒரு பெரிய குழாயை முதுகெலும்பா வச்சுதான் வண்டி பண்றாங்க, அது லேசுல முறுக்காது. மெர்சிடிஸோட யூனிமாக் லாரி நேர் எதிர், நல்லா முறுக்கும், அதுக்கு இந்த மூணு பாயின்ட் இல்லாம யோசிக்கவே யோசிக்காதீங்க. சேஸி கம்மியா முறுக்குற வண்டின்னா ஸ்பிரிங் போட்ட போல்ட் போதும், முறுக்கும்போது சப்ஃப்ரேம், அதாவது பெட்டிக்கு அடியில சேஸி மேல வர்ற தனிச் சட்டம், கொஞ்சம் தூக்கிட்டு திரும்ப உக்காந்துக்கும்.

ஆங், நடுவுல விட்டுட்டேன், கட்டை மேல ஏத்துறதுக்கு முன்னாடியே கேபின் பின்சுவர்லயும் பெட்டி முன்சுவர்லயும் மார்க்கர்ல நேருக்கு நேர் கோடு போட்டு வச்சிருந்தேன். ஏத்தினதும் கீழ் கோடு விரல் அகலம் விலகிருச்சு, மேல் கோடு ஒரு கையகலம்! இதோ பாருங்க, கிட்ட காட்டுறேன், இங்க. பின்லேர்ந்து உயரம் போகப் போக நகர்றது அதிகமாகும். கேபின்லேர்ந்து பெட்டிக்குள்ள தவழ்ந்து போற வழி வேணும்னு நான் அடம்புடிச்சேன் இல்லையா, அதுக்கு இந்த அளவுதான் முக்கியம், நடுவுல மடிப்பு மடிப்பா ரப்பர் துருத்தி வரும், அது இந்தக் கையகலத்துக்கும் மேலயே வளையணும். வழியையும் முடிஞ்ச வரைக்கும் கீழயே வைக்கிறேன்.

இன்னொண்ணும் சொல்லணும், பிராக்கெட் எதையும் சேஸி சட்டத்துல வெல்டிங் வைக்கல. சூடு பட்ட இடத்துல அந்த இரும்போட பலம் மாறிடும், அப்புறம் அங்கதான் விரிசல் ஆரம்பிக்கும். சட்டத்தோட மேல் மடிப்பு, கீழ் மடிப்புல ஓட்டையும் போடக்கூடாது, பக்கவாட்டுல கம்பெனி போட்ட ஓட்டைங்க ஏற்கனவே இருக்கு, அதுலயே போல்ட். சப்ஃப்ரேம்ல வெல்டிங் வச்சப்போ கூட பேட்டரி ரெண்டு வயரையும், ஆல்டர்நேட்டர் வயரையும் கழட்டிட்டுதான் வச்சேன், அதை போன வீடியோல காட்ட விட்டுப்போச்சு.

இப்ப பெட்டி காலி. அடுத்து தண்ணி டேங்க், 300 லிட்டர், அதுவே 300 கிலோ. ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவுல, எவ்ளோ கீழ முடியுமோ அவ்ளோ கீழ வைக்கிறேன். நிரப்பிட்டு அந்த பாரத்தோட இதே டெஸ்ட்டை மறுபடி பண்ணிக் காட்டுறேன், அதுக்கு அப்புறம்தான் உள்ள ஒரு பலகையாவது அடிப்பேன்.