"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள்

வணக்கம். இன்றைக்கு மருந்தைப் பற்றிப் பேசலாம். நர்சிங் படிக்கிறவர்களும் இதைப் பார்க்கிறீர்கள், வீட்டில் பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர்களும் பார்க்கிறீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே பேசுகிறேன். டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் காலையிலிருந்து நாங்கள் வார்டில் செய்த வேலையை வீட்டில் நீங்கள்தான் செய்யப்போகிறீர்கள்.

முதலில் வார்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டாக்டர் எழுதுகிறார், மருந்தாளுநர் எடுத்துக் கொடுக்கிறார், நர்ஸ் நோயாளிக்குக் கொடுக்கிறார். எழுதியதில் தவறு இருந்தால் மருந்தாளுநர் பிடிக்கலாம், அவர் விட்டாலும் நர்ஸ் பிடிக்கலாம். நர்ஸிடம் தவறினால் அப்புறம் பிடிக்க ஆளே இல்லை. அதனால்தான் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி (வாய்வழியா, ஊசியா), சரியான நேரம் என்று படிப்பு தொடங்கும்போதே மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். கொடுத்ததை உடனே சார்ட்டில் எழுதுவதும் இதோடு சேர்ந்தது. எழுதாமல் விட்டால் அடுத்த டியூட்டிக்கு வருகிறவர் கொடுக்கவில்லை என்று நினைத்து இன்னொரு டோஸ் கொடுத்துவிடலாம்.

ஒப்பிப்பது எளிது. நோயாளியின் பெயரைக் கேட்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். "நீங்கள்தானே லட்சுமி அம்மா?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காதவரும் தலையாட்டுவார், அரைத் தூக்கத்தில் இருப்பவரும் தலையாட்டுவார். "உங்கள் முழுப் பெயர் சொல்லுங்கள், பிறந்த தேதி சொல்லுங்கள்" என்று கேட்டு, கையில் கட்டியிருக்கும் பட்டையோடும் சார்ட்டோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். கட்டில் எண்ணை நம்பக் கூடாது, நோயாளியைக் கட்டில் மாற்றியிருப்பார்கள். மருந்தின் லேபிளை மூன்று முறை படிக்க வேண்டும்: எடுக்கும்போது, தயார் செய்யும்போது, கொடுப்பதற்கு முன் அவர் பக்கத்தில் நின்று. டோபமின், டோபுட்டமின் மாதிரி பெயரில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும் மருந்துகள் நிறைய உண்டு. அவசரத்தில் கண் தனக்குத் தெரிந்த பெயரைத்தான் படிக்கும்.

இன்சுலினுக்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். இதோ, என் கையில் இரண்டு சிரிஞ்ச் இருக்கிறது. பார்க்க ஒன்றுபோலத்தான் தெரியும். ஒன்று, ஒரு மி.லி.க்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு. இன்னொன்று, ஒரு மி.லி.க்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கு. எல்லா நாட்டிலும் இரண்டும் விற்பதில்லை, ஆனால் இரண்டும் கிடைக்கிற இடத்தில் இது பெரிய ஆபத்து. டாக்டர் 20 யூனிட் எழுதியிருக்கிறார். பாட்டில் 100, சிரிஞ்ச் 40 என்று வையுங்கள். 20 என்ற கோடு வரை இழுத்தால் அது அரை மி.லி., அதாவது உள்ளே இருப்பது 50 யூனிட். இரண்டரை மடங்கு. சர்க்கரை தடாலென்று இறங்கி ஆள் மயங்கி விழுவார். மாற்றிப் பிடித்தால், அதாவது பாட்டில் 40, சிரிஞ்ச் 100 என்றால், உடம்புக்குப் போவது வெறும் 8 யூனிட். ஊசி ஒழுங்காகத்தான் போடுகிறோம், சர்க்கரை ஏன் குறையவில்லை என்று குழம்புவீர்கள். மூடியின் நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படியுங்கள். வார்டில் இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற மருந்துகளை இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது இதற்காகத்தான். முதல் நர்ஸ் விடையைச் சொல்லிவிட்டு "சரிதானே?" என்று கேட்டால் அது சரிபார்ப்பே ஆகாது.

எழுதுவதிலும் இதே கவனம் வேண்டும். யூனிட் என்பதற்குச் சுருக்கமாக யு என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் அது சுழியம் போலத் தெரியும், 10 யூனிட் 100 ஆகிவிடும். 5 என்பதை 5.0 என்று எழுதினால், புள்ளி மங்கியிருந்தால் 50. அரை மில்லிகிராமை 0.5 என்று முன்னால் சுழியம் போட்டுத்தான் எழுத வேண்டும்.

சரி, இப்போது நோயாளியோடு இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நர்ஸ் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது அவசரம் இல்லாத விஷயத்துக்குக் கூப்பிடாதீர்கள். சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 நர்ஸ்கள் மருந்து கொடுப்பதைக் கூடவே நின்று கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2010இல் வெளிவந்தது. நடுவில் ஒவ்வொரு முறை குறுக்கிடும்போதும் தவறுகள் சுமார் 12 சதவீதம் கூடியிருந்தன. போர்வை கேட்பது, போனை எடுக்கச் சொல்வது எல்லாம் ஐந்து நிமிடம் பொறுக்கும். மேலதிகாரிகளுக்கும் இதைத்தான் சொல்வேன்: ஒரே நர்ஸிடம் மருந்தையும் போனையும் அட்மிஷனையும் ஒரே நேரத்தில் கொடுத்துவிட்டு, தவறு நடந்த பிறகு அவர் கவனக்குறைவு என்று எழுதுவது நியாயமே கிடையாது.

ஆனால் ஒரு விஷயத்துக்கு மட்டும் தாராளமாகக் குறுக்கிடுங்கள். "நான் வழக்கமாகப் போடுவது வெள்ளை மாத்திரை, இது மஞ்சளாக இருக்கிறதே?" என்று தோன்றினால் சொல்லிவிடுங்கள். நர்ஸாக இருப்பவர்களே, இதைக் கேட்டதும் கையை நிறுத்துங்கள். கம்பெனி மாறியிருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். இருந்தாலும் சார்ட்டைத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம், சொல்லிக்கொடுப்பது. நீண்ட நாள் நோய்களுக்கு வசதியான நாடுகளில்கூட சுமார் பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இதை நோயாளியின் அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. டிஸ்சார்ஜ் நாளை நினைத்துப் பாருங்கள். பில் கட்ட ஒருவர் ஓடுகிறார், வண்டி வந்து நிற்கிறது, நோயாளிக்கு எப்போது வீட்டுக்குப் போவோம் என்று இருக்கிறது. அந்த நேரத்தில் நர்ஸ் எட்டு மாத்திரையைக் கடகடவென்று சொல்லி முடித்து "புரிந்ததா?" என்று கேட்கிறார். வேறு என்ன பதில் வரும்?

அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, "நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், வீட்டுக்குப் போய் இதை எப்படிப் போடுவீர்கள் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் பரீட்சை வைக்கிற மாதிரி அவர்களுக்குத் தோன்றாது. சரியாகச் சொல்லவில்லை என்றால் வேறு விதமாக இன்னொரு முறை விளக்கிவிட்டு மறுபடி கேளுங்கள். இரண்டு மூன்று மருந்துக்கு ஒருமுறை நிறுத்திக் கேட்பது நல்லது. மாத்திரை எடுத்துக் கொடுக்கப்போகிறவர் மகளோ மருமகனோ என்றால் அவரையும் உட்கார வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இது உயிர் விஷயம் என்பதற்கு மெத்தோட்ரெக்ஸேட் ஒன்றே போதும். மூட்டுவாதத்துக்கு இதை வாரத்துக்கு ஒருமுறைதான் கொடுப்பார்கள். மற்ற மாத்திரையெல்லாம் தினமும் போடுவதால் இதையும் தினமும் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எலும்பு மஜ்ஜை பாதித்து, ரத்த அணுக்கள் குறைந்து, இறந்தவர்களும் உண்டு. "வாரம் ஒருமுறை" என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். "எந்தக் கிழமை போடப்போகிறீர்கள்?" என்று கேட்டு, அவர் வாயாலேயே அந்தக் கிழமையைச் சொல்ல வைத்து, சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரைகள். பழைய சீட்டில் ஒரு கம்பெனிப் பெயர், புதுச் சீட்டில் வேறு பெயர், உள்ளே இருப்பது ஒரே மருந்து. இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள். பாராசிட்டமாலில் இது சர்வசாதாரணம். காய்ச்சல் மாத்திரை தனியாக, சளி மாத்திரை தனியாக, இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்துக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு, கல்லீரல் கோளாறு இருந்தால் அதைவிடக் குறைவு. அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரைவிட, அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கப் பழகுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது நாட்டு மருந்து, சத்து மாத்திரை உட்பட எல்லாவற்றையும் பையோடு எடுத்துப் போங்கள். குழந்தைக்கு சிரப் கொடுக்கும்போது பாட்டிலோடு வந்த அளவு மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோதான், சமையலறைக் கரண்டி வேண்டாம்.

மாத்திரையை விழுங்க முடியவில்லை என்று பொடித்துக் கொடுக்கிறீர்களா? முதலில் கேளுங்கள். நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். மறந்தால் என்ன செய்வது என்பது மருந்துக்கு மருந்து மாறும், அதை டிஸ்சார்ஜ் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது, கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கக் கூடாது. கீரையை அடியோடு நிறுத்தத் தேவையில்லை, ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாறிமாறிச் சாப்பிடாமல் ஒரே சீராக இருந்தால் போதும். மலம் கருப்பாகப் போனால், ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தால், தலையில் அடிபட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். நர்ஸாக இருப்பவர்கள் இந்த மூன்றையும் நோயாளி திருப்பிச் சொல்லும் வரைக்கும் அவரை வண்டியில் ஏற்றாதீர்கள்.

அடுத்த வீடியோவில் இன்ஹேலர். வீட்டில் யாராவது பயன்படுத்துகிறார்கள் என்றால் அதைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள், ஒவ்வொரு படியையும் சேர்ந்தே செய்யலாம்.